இளைஞர் வாழ்வை உயர்த்தும் வாசிப்பும் எழுத்தும்

விஜயதசமி நாளன்று ஆலய மண்டபத்திலே தந்தையின் மடியில் இருக்கும் குழந்தையின் விரலைப் பற்றி, தட்டிற் பரப்பிய பச்சையரிசியில் 'அ' என எழுதுவிக்கும் காட்சி சைவ மக்களுக்குப் புதியதன்று. கல்வியை இறைவன் சந்நிதியில் ஆரம்பித்து வைப்பது முன்னோர் வகுத்த மரபாகும். ஆயினும் அன்று ஏடு தொடக்கிய பிள்ளை பதினைந்து, பதினாறு வயதை அடையும்போது பரீட்சைக்குரிய பாடநூலைத் தவிர வேறொரு நூலையும் கையில் எடுப்பதில்லை என்பது பல பெற்றோரின் கவலையாக உள்ளது. ஏடு தொடக்கல் கல்வியின் வாசற்படி மாத்திரமே. உள்ளே அழைத்துச் செல்வன வாசிப்பும் எழுத்துமாகும்.

ஆலயத்தில் வளர்ந்த வாசிப்பு

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் ஆலயமே பெரியதொரு பாடசாலையாகவும் விளங்கியது. புராணபடனத்தின்போது ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்வார். கந்தபுராணம், பெரியபுராணம், திருவாதவூரடிகள் புராணம் என்பன இவ்வாறே ஊர் மக்களின் உள்ளத்தில் பதிந்தன. கார்த்திகை, மார்கழி மாதங்களில் வரும் பெருங்கதை விரத நாட்கள் இருபத்தொன்றிலும் பிள்ளையார் கதை படிக்கப்படுகின்றது. பாடசாலை சென்று கற்க வசதியற்றோரும் இவற்றைக் கேட்டுக் கேட்டே சொல்வளமும் நல்லறிவும் பெற்றனர். திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்தமை இங்கு நினைக்கத்தக்கது.

இன்று பல ஆலயங்களில் வாசிப்பவரும் பயன் சொல்பவரும் முதியவர்களாகவே உள்ளனர். அவர்களின் பக்கத்தில் அமர்ந்து பழகும் இளைஞர் இல்லையெனில், ஒரு தலைமுறைக்குள்ளேயே அந்தக் குரல் ஓய்ந்துவிடும்.

நாவலர் பெருமான் காட்டிய வழி

வாசிப்பும் எழுத்தும் ஓர் இளைஞரை எவ்வளவு தூரம் உயர்த்தும் என்பதற்கு நல்லூரில் 1822ஆம் ஆண்டு பிறந்த ஆறுமுகநாவலரின் வாழ்வே தக்க சான்றாகும். சேனாதிராச முதலியார், சரவணமுத்துப் புலவர் ஆகியோரிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்ற அவர், மிஷன் பாடசாலையிலே ஆங்கிலமும் பயின்றார். பின்னர் அங்கே பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் உதவினார். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்து எழுதும் பயிற்சி அவருக்கு அங்கே வாய்த்தது. மாற்று மதத்தினர் அச்சு நூல்களின் மூலம் தம் கருத்தைப் பரப்பும் முறையையும் அவர் கூர்ந்து கவனித்தார்.

அந்தப் பயிற்சி முழுவதையும் அவர் சைவத்துக்கும் தமிழுக்கும் ஆக்கினார். 1847 டிசம்பர் 31ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தமது முதற் பிரசங்கத்தைச் செய்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. அடுத்த ஆண்டில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை வழங்கியது. அச்சியந்திரம் நிறுவி, சிறுவர்களுக்குப் பாலபாடங்களை எழுதி வெளியிட்டார். செய்யுளாயிருந்த பெரியபுராணத்தைச் சாதாரண மக்களும் படித்துணருமாறு வசனமாக்கினார். செல்வத்தாலோ பதவியாலோ அன்றி, கற்றதை எழுத்தில் வடிக்கும் ஆற்றலாலேயே அவர் ஒரு சமுதாயத்தைத் தட்டியெழுப்பினார்.

எழுதாதது அழியும்

சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, செல்லரித்த ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி அச்சேற்றினார். கலித்தொகை 1887இல் அவரால் அச்சு வடிவம் பெற்றது. மறுபுறத்தில், 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் அரிய ஏடுகளும் சாம்பராயின. போர்க்கால இடப்பெயர்வுகளில் பல குடும்பங்களும் ஆலயங்களும் தம் பதிவேடுகளை இழந்தன. முதியோர் நெஞ்சில் மாத்திரம் எஞ்சியிருக்கும் ஊர் வரலாற்றை எழுதி வைக்க வேண்டியவர்கள் இளைஞர்களே.

எழுத்துப் பயிற்சி அன்றாட வாழ்வுக்கும் துணையாகும். தன் குறையைத் தெளிவாக ஒரு விண்ணப்பத்தில் எழுதத் தெரிந்த இளைஞன் பிரதேச செயலகத்தில் பிறர் தயவை நாடி நிற்பதில்லை. காணி உறுதியை வாசித்து விளங்கக்கூடிய மகள் தன் வீட்டாரை ஏமாற்றத்திலிருந்து காக்கின்றாள். வாசிக்கும் பழக்கமுடையவர் கேட்டதையெல்லாம் நம்பிக் கோபங்கொள்ளாது, ஆராய்ந்து முடிவெடுப்பர். கைத்தொலைபேசியில் வரும் செய்திகளுக்கும் இது பொருந்தும்.

செய்யத்தக்கவை

1. மாலையில் விளக்கேற்றித் தேவாரம் பாடிய பின் வீட்டிலுள்ள அனைவரும் கால்மணி நேரம் ஒரு நூலை வாசித்தல் வேண்டும். பெற்றோர் வாசிப்பதைக் காணும் பிள்ளையே வாசிக்கும்.

2. அறநெறிப் பாடசாலை மாணவர் தாம் கேட்ட கதையைப் பார்த்தெழுதாது, தம் சொந்த வசனத்தில் ஐந்து வரியேனும் எழுதிப் பழகுதல் வேண்டும். பிழை கண்டு ஏளனம் செய்யாது திருத்திக் கொடுப்பது ஆசிரியர் கடன்.

3. புராணபடனத்தில் நாளொன்றுக்கு ஒரு செய்யுளையேனும் இளைஞர் வாசிக்க இடமளித்தல் நன்று. முதல் நாள் நாத்தடுமாறும்; பத்தாம் நாள் சபையஞ்சாத் துணிவு பிறக்கும்.

4. ஆலயத்தில் ஓர் அலுமாரி அளவிலாவது நூலகம் அமைத்து, அதன் பொறுப்பை இளைஞரிடமே ஒப்படைக்கலாம்.

5. ஊரின் முதியோரைக் கண்டு ஆலய வரலாறு, கேணி, மடம், திருவிழா உபயம் பற்றிய செய்திகளைக் கேட்டெழுதி ஆண்டு மலருக்கு அளிக்கலாம்.

அரிசியில் எழுதிய எழுத்து அன்றே கலைந்துவிடும். நாள்தோறும் வாசித்தும் எழுதியும் பெற்ற அறிவோ வாழ்நாள் முழுதும் உடன்வரும். ஏட்டைத் தொடக்கி வைத்த பெற்றோரும் பெரியோரும் அதனைத் தொடரவும் துணைநிற்பாராக. கல்விக்கு அதிபதியாகிய கலைமகளின் திருவருளும் விநாயகப் பெருமானின் திருவருளும் ஊரின் இளஞ்சந்ததியினர்க்கு என்றும் கிட்டுவதாக.