பூசணம் பிடித்த தானியமும் சுவாசமும்

மழைக்காலங் கழிந்து பத்தாயத்தைத் திறக்கும்போது எழும் மக்கல் வாடையை அறியாத குடியானவர் இலர். தானியத்தில் எத்தனை மரக்கால் நஷ்டம் என்று கணக்கிடுகிறோம். அவ்வாடையோடு மூக்கினுள் புகுவது யாது என்று சிந்திப்பதில்லை.

பூசணமானது காளான் இனத்தைச் சேர்ந்த உயிர். தன் இனத்தைப் பெருக்க அது மிக நுண்ணிய தூளைக் காற்றிற் பரப்புகிறது. அத்துகள்கள் பெரும்பாலும் 2 முதல் 10 மைக்ரான் பருமனுள்ளவை. ஒரு மைக்ரானாவது மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு பங்கு. அவற்றுள் சிறியவை தொண்டையில் தங்காமல் நுரையீரலின் உட்புறம் வரை செல்லும். பூசணம் பிடித்த கோணியை ஒருமுறை உதறினாலே அறை முழுதும் நிறைந்துவிடும். சிலருக்குத் தும்மலும் கண்ணரிப்பும் உண்டாகும். ஆஸ்த்மா உள்ளவர்க்கு இழுப்பு மிகும். இவை உடனே தெரிவன.

தெரியாமற் கெடுப்பது வேறொன்று. 1932-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் வெஸ்ட்மோர்லாந்து ஜில்லாவில், பூசணம் பிடித்த உலர்புல்லைக் கையாண்ட குடியானவர்க்கு உண்டான மூச்சுத்திணறலை காம்ப்பெல் என்னும் வைத்தியர் எழுதி வெளியிட்டார். ஈரம் போகாமல் குவித்த புல்லும் வைக்கோலும் தானியமும் உள்ளே சூடேறும். அச்சூட்டில் பூசணமும் அதனையொத்த நுண்ணுயிர்களும் பெருகும். அத்தூளைச் சுவாசித்தவர்க்கு அப்போது ஒன்றும் தோன்றாது. நாலு முதல் எட்டு மணி நேரங் கழித்தே குளிரும் காய்ச்சலும் வறட்டிருமலும் மூச்சு முட்டலும் காணும். காலையில் போரைப் பிரித்தவர் மாலையில் படுக்கிறார். மழையில் நனைந்த காய்ச்சல் என்று வீட்டார் கஷாயம் கொடுக்கின்றனர். இரண்டொரு நாளில் தணிந்துவிடுவதால் கஷாயத்திற்கே பெயர் கிடைக்கிறது. அவர் மறுபடியும் அதே போருக்குப் போகிறார். இவ்வாறு பலமுறை நேர்ந்தால் நுரையீரல் தழும்பேறி, பின்பு எம்மருந்தாலும் பழைய நிலைக்கு வாராது.

நிலக்கடலை, மக்காச்சோளம் இவற்றில் பற்றும் ஒருவகைப் பூசணம் அஃப்ளடாக்ஸின் என்னும் விஷத்தை உண்டாக்கும். இது பெரும்பாலும் உணவின் வழியே கெடுப்பது. 1974-இல் குஜராத், ராஜஸ்தான் பகுதிகளில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு ஈரல் கெட்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். "மாட்டுக்காவது போடலாம்" என்பது நம்மவர் சிக்கனம். ஆனால் அவ்விஷத்தின் ஒரு பங்கு பாலில் இறங்கும்.

இதற்கெல்லாம் மூலம் ஈரமே. ஓதம் ஏறிய சுவரில் பூசணத்தின் மேலேயே சுண்ணாம்பு அடிப்பதைப் பல கிடங்குகளில் காண்கிறோம். அடுத்த மழைக்கு அது மீண்டும் பூக்கும். கூரை ஒழுக்கையும் சுவரோரம் தேங்கும் நீரையும் முதலில் நீக்கவேண்டும். நெல்லின் ஈரம் நூற்றுக்கு 14 பங்குக்கு மேற்படலாகாது. மூட்டைகளைத் தரையில் இடாமல் மரச்சட்டங்களின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குக. காற்று உலர்ந்துள்ள நாளில் கதவைத் திறந்தும், மழை நாளில் மூடியும் வைக்க. பூசணத்தை உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க. துண்டை மூக்கில் கட்டுவதால் நுண்தூள் தடைபடாது. அதற்கென்றுள்ள முகக்கவசத்தைச் சங்கம் வாங்கி வைத்தல் அதிக செலவன்று.

குழந்தைகளையும் ஆஸ்த்மா உள்ளவரையும் மூட்டை அடுக்கிய அறையில் படுக்க வைக்கலாகாது. கிடங்கில் வேலை செய்தவர்க்கு அன்று மாலையே காய்ச்சலும் இருமலும் கண்டால், காலையில் எதைப் பிரித்தார், எதைச் சுமந்தார் என்பதையும் வைத்தியரிடம் சொல்லவேண்டும். கேளாமல் அவர் அறியமாட்டார்.