சமூகப் பணி

தந்தை நோயுற்றதால் தாராவிச் சிறுமி ஒருத்தி பள்ளி செல்வதை நிறுத்திவிட்டாள் எனக் கொள்க. நோயை மருத்துவர் தீர்ப்பார். அவளது மனச்சோர்வை உளவியலாளர் அறிவார். வறுமையின் காரணங்களைச் சமூகவியலாளர் ஆராய்வார். இவர்தம் அறிவையும் அரசின் உதவிகளையும் அக்குடும்பத்திற்குக் கிடைக்கச் செய்து, அவளை மீண்டும் வகுப்பறையில் சேர்ப்பவரே சமூகப் பணியாளர்.

வறியோர்க்குப் பொருள் கொடுப்பது ஈகை; அவர்கள் தம் காலில் நிற்கத் துணைபுரிவது சமூகப் பணி. இதற்கு நல்லெண்ணம் மட்டும் போதாது. முறையான பயிற்சியும் வேண்டும். அப்பயிற்சிக்கான இந்தியாவின் முதல் கல்விக்கூடம் 1936ஆம் ஆண்டு மும்பை நாக்பாடாவில் தொடங்கப்பட்டது. 1944இல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் எனப் பெயர் பெற்ற அது, இன்று செம்பூரை அடுத்த தேவ்னாரில் இயங்குகிறது.

வினா: ஈகைக்கும் சமூகப் பணிக்கும் உள்ள வேறுபாடு யாது?