லுக்லாவுக்கு அரை மணி நேரம்

அன்புள்ள மாறனுக்கு,

உன் எவரெஸ்ட் அடிவார முகாம் பயணத் திட்டத்தைப் படித்தேன். "காத்மாண்டுவிலிருந்து லுக்லா விமானத்தில் அரை மணி நேரம்தானே ஐயா, எதற்கு மூன்று நாள் உபரி?" என்று ஓரத்தில் எழுதியிருந்தாய். அந்தக் கேள்வி இரண்டு நாளாக மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

காலணி, கம்பளி பற்றியெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது லுக்லாவின் ஓடுபாதை. அதன் நீளம் 527 மீட்டர். நீ புறப்படும் மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதை மூன்றரைக் கிலோமீட்டருக்கும் அதிகம். லுக்லாவில் அந்தச் சிறு நீளத்துக்குள்ளேயே ஒரு முனை மறுமுனையைவிட ஏறக்குறைய 60 மீட்டர் உயரம். மேல்முனையில் மலை, கீழ்முனையில் பள்ளத்தாக்கு. இறங்கும் விமானம் மேட்டில் ஏறி நிற்கும். புறப்படும் விமானம் சரிவில் ஓடி எழும். நெருங்கி வந்தபின் மறுபடி எழும்பிச் சுற்றிவர இடமில்லை. விமானி கண்ணால் பார்த்துத்தான் இறக்க வேண்டும். வெயில் ஏற ஏறக் காற்று வலுக்கும், பள்ளத்தாக்கில் மேகம் மூடும். அதனால்தான் பெரும்பாலும் காலையிலேயே பறக்கிறார்கள். காலையிலேயே மேகம் இருந்தால் அன்று விமானம் இல்லை, அவ்வளவுதான்.

1964இல் எட்மண்ட் ஹிலாரி அந்தத் தளத்தை அமைத்தது மலையேறிகளுக்காக அல்ல. ஷெர்பா ஊர்களில் பள்ளியும் மருத்துவமனையும் கட்டச் சாமான் கொண்டுபோக வழி வேண்டியிருந்தது. மண் இளகிக் கிடந்ததால், ஷெர்பாக்களை வரிசையாக நின்று நடனமாடச் சொல்லி, காலால் மிதித்தே இறுக வைத்தார்களாம். தார் போட்டது 2001இல்தான்.

இன்னொன்று. நெரிசல் மிகுந்த பருவங்களில் லுக்லா விமானங்கள் பல காத்மாண்டுவிலிருந்து கிளம்புவதில்லை. ராமேச்சாப் மாவட்டத்து மந்தலியிலிருந்து கிளம்பும். அது நாலைந்து மணி நேரச் சாலைப் பயணம். நள்ளிரவு கடந்ததும் ஜீப்பில் ஏற வேண்டும். உன் அரை மணி நேரம் எங்கே போயிற்று, பார்த்தாயா?

என் யோசனை வேறு. போகும்போது பறக்கவே வேண்டாம். சல்லேரி வரை ஜீப்பில் போ. அங்கிருந்து மூன்று நாள் நடந்தால் லுக்லாப் பாதையில் சேர்ந்துவிடலாம். எவரெஸ்ட் குழுத் தலைவர் ஜான் ஹண்டின் 1953 பயண நூலைக் கல்லூரி நாளில் வாசித்ததிலிருந்து எனக்கு இந்தப் பிடிவாதம். அவர் குழுவினர் காத்மாண்டுப் பள்ளத்தாக்கிலிருந்து டெங்போச்சே மடம் வரை இரண்டரை வாரம் நடந்தார்கள். வந்து சேர்ந்ததும் சிகரத்துக்கு ஓடிவிடவில்லை. உயரத்துக்கு உடம்பைப் பழக்க மேலும் சில வாரம் சுற்றுவட்டாரத்திலேயே ஏறி இறங்கினார்கள். வாசித்தபோது அந்த நடைப் பக்கங்களைத்தான் திரும்பத் திரும்பப் புரட்டினேன். சிகரம் அவர்களுக்குப் பிடிபட்டதில் அந்த நடைக்கும் பங்குண்டு என்பது என் கட்சி.

நீயோ 1,400 மீட்டரில் காலைத் தேநீர் குடித்து, 2,860 மீட்டரில் இறங்கி, மறுநாளே 3,440 மீட்டரில் நாம்சே பஜாரில் தூங்கப் போகிறாய். அங்கே இரண்டாம் இரவை வேறு வெட்டியிருக்கிறாய். இதை நான் ஏற்கமாட்டேன். 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. தலைவலியோடு ஏறுவது வீரம் என்று எவனாவது சொன்னால் கேட்காதே. நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொண்டால் கீழே இறங்குவதைத் தவிர வழியில்லை. ஆட்கள் இறந்திருக்கிறார்கள், தம்பி.

திரும்பும் வழிதான் உன் திட்டத்தில் மிக மோசம். லுக்லா, காத்மாண்டு, டெல்லி, சென்னை எல்லாம் ஒரே நாளில்! நான் லுக்லாவில் மூன்று காலை, மூட்டையைக் கட்டிக்கொண்டு மேகத்தையே பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். நான்காம் நாள் காத்மாண்டு சேர்ந்தபோது டெல்லி விமானம் எப்போதோ போய்விட்டிருந்தது. புது டிக்கெட்டுக்கு என் ஒரு மாதச் சம்பளம் போனது.

அலுவலகத்தில் இன்னும் நான்கு நாள் விடுப்பு கேள். கிடைக்காவிட்டால் முகாமை விட்டுவிட்டு டெங்போச்சேயோடு திரும்பு. மடத்து வாசலிலிருந்தே எவரெஸ்ட் தெரியும். பாஸ்போர்ட் இன்னும் வராவிட்டால் வாக்காளர் அட்டையை எடுத்து வை, நேபாளத்துக்கு அது போதும். நேபாளக் கடிகாரம் நம்முடையதைவிட 15 நிமிடம் முன்னால் ஓடுகிறது. சல்லேரி ஜீப்புக்குக் காத்மாண்டு நேரத்தில் அலாரம் வை.

திருத்திய திட்டத்தை அனுப்பு. அதன் பிறகு டிக்கெட் எடு.

அன்புடன்,
உன் புவியியல் ஆசிரியர்