கல்லீரல் ஆய்வுக்கு வரும் இளையவருக்கு

பாராசிட்டமால் தானாகக் கல்லீரலைக் கெடுப்பதில்லை. அதில் ஒரு பகுதியை சி.ஒய்.பி.2இ1 போன்ற நொதிகள் நச்சுப்பொருளாக மாற்றுகின்றன. செல்லைக் காக்கும் குளுட்டதயோன் இருக்கும்வரை அந்த நஞ்சு அடங்கியிருக்கும். மருந்தின் அளவு மீறி அது தீர்ந்ததும் நஞ்சு மைட்டோகாண்ட்ரியப் புரதங்களில் ஒட்டி, செல்லைச் சாகடிக்கிறது. இந்த வரிசையின் முதற்பகுதியை 1973இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் எலிகளில் நிறுவினார்கள். செத்த செல்லிலிருந்து கசியும் டி.என்.ஏ.வும் எச்.எம்.ஜி.பி.1 புரதமும் நியூட்ரோஃபில் வெள்ளணுக்களை வரவழைக்கின்றன. கிருமியே இல்லாமல் அழற்சி தொடங்கிவிடுகிறது.

வந்த நியூட்ரோஃபில்கள் சேதத்தைக் கூட்டுகின்றனவா, செத்ததை அகற்றுகின்றனவா என்பதில்தான் நீண்ட தகராறு. கான்சாஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் ஹார்ட்முட் யேஷ்கே குழு, பாராசிட்டமாலைப் பொறுத்தவரை இரண்டாவது பக்கம் நிற்கிறது. ரத்த ஓட்டம் நின்று திரும்பும்போது நியூட்ரோஃபில்கள் கல்லீரலைச் சிதைப்பதை 1990இலேயே காட்டியவர் யேஷ்கே. ஆகவே அவர் சொல்வதற்குத் தனி எடை உண்டு. ஒரு வகைச் சேதத்தில் மெய்யானது இன்னொன்றிலும் மெய்யாக இருக்க வேண்டியதில்லை.

இத்துறைக்கு வருபவர் முதலில் பழக வேண்டியது ஒரு சந்தேகத்தை. பாராசிட்டமாலோடு ஒரு சோதனை மருந்தும் கொடுத்த எலியில் கல்லீரல் சேதத்தைக் காட்டும் ஏ.எல்.டி. நொதி குறைந்தது, நியூட்ரோஃபில்களும் குறைந்தன என்றால், அழற்சியை அடக்கியதால் கல்லீரல் பிழைத்தது என்று எழுதத் தோன்றும். நஞ்சே உருவாகாமல் போயிருந்தாலும் இதே முடிவுதான் வரும். செல் சாகாவிட்டால் நியூட்ரோஃபில்களை அழைக்க எதுவும் இல்லை. சோதனை மருந்தைக் கரைக்கப் பயன்படும் டி.எம்.எஸ்.ஓ. ஒன்றே நஞ்சை உருவாக்கும் சி.ஒய்.பி.2இ1 நொதியைத் தடுத்துவிடும். பாராசிட்டமாலோடு கரைப்பானை மட்டும் பெற்ற எலிக்கூட்டம் இல்லாத சோதனைக்கு மதிப்பில்லை. முதல் அரைமணியில் குளுட்டதயோன் எவ்வளவு தீர்ந்தது, புரதத்தில் எவ்வளவு நஞ்சு ஒட்டியது என்று அளந்த பிறகே அழற்சியைப் பற்றிப் பேச வேண்டும். மூலிகைச் சாற்றைப் பல நாள் முன்கூட்டியே புகட்டிவிட்டுப் பாராசிட்டமால் கொடுக்கும் ஆய்வுகளில் இந்த அளவீடு பெரும்பாலும் விடுபடுகிறது. வருத்தத்துக்குரிய குறை இது.

எலிகளை இரவு முழுக்கப் பட்டினி போட்டால் குளுட்டதயோன் குறைந்து சேதம் கூடும். பெண் எலிகள் ஆண் எலிகளைவிடத் தாங்கும். இவற்றை ஆய்வேட்டில் மறைக்காமல் எழுத வேண்டும். சோதனை மருந்தைப் பாராசிட்டமாலுக்குப் பிறகும் கொடுத்துப் பார்க்க வேண்டும். நோயாளி மருத்துவமனைக்கு வருவது மாத்திரை விழுங்கிய பிறகுதான். அவருக்கான முறிவு மருந்தாகிய அசிட்டைல்சிஸ்டைன்கூட முதல் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன் தருகிறது.