முதல் ஹாஃப்-ட்ராக் எதுவாக இருக்கட்டும்?

மாடல் கட்டக் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் பையில் இப்போதெல்லாம் ஒரே பெட்டிதான்: ஜெர்மனியின் 251. கம்ப்யூட்டர் விளையாட்டில் பார்த்து ஆசைப்பட்டிருப்பார்கள். இல்லாவிட்டால், 'வாங்குவதே வாங்குகிறோம், உயர்ந்ததாக வாங்குவோம்' என்று அப்பா விலையைப் பார்த்து வாங்கியிருப்பார். சில வாரங்களில் பெட்டி பரணுக்குப் போய்விடும். இரண்டாம் உலகப் போர் வண்டிகளில் முதல் ஹாஃப்-ட்ராக்கை 35க்கு 1 அளவில் கட்டப்போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முன்னால் சக்கரம், பின்னால் சங்கிலிப் பட்டை என்ற அடிப்படையெல்லாம் உங்களுக்குத் தெரியும். கண்ணில் அதிகம் படுபவை அமெரிக்க எம்3, ஜெர்மனியின் 251, அதன் தம்பி 250, பீரங்கி இழுத்த கவசமில்லாத ஜெர்மன் 8 டன் வண்டி. தம்பியிடம் அண்ணனின் தொல்லைகள் அப்படியே உண்டு, உருவம்தான் சிறிது. 8 டன் வண்டியை இரண்டு மூன்று மாடல் முடித்தவர்கள் தொடட்டும்.

251க்கு வருவோம். அடுக்கடுக்கான சாய்ந்த தகடுகளும் கோடுபோட்ட உருமறைப்பு வண்ணமும் பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் சக்கரங்கள் விரித்த சீட்டுக்கட்டுபோல ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நிற்கும். உள்வரிசையில் ஒன்று கெட்டால் வெளியே இருப்பதை முதலில் கழற்ற வேண்டும். ரஷ்யக் குளிரில் அந்த இடுக்குகளில் புகுந்த சேறு இரவோடு இரவாக உறைந்து, காலையில் வண்டி நகர மறுத்தது. சங்கிலியின் கண்ணிகளை இணைக்கும் ஊசி பேரிங்குகளுக்கு மசகும் போட்டாக வேண்டும். முன் சக்கரங்களுக்கோ எஞ்சினின் இழுவிசை கிடையாது. இவ்வளவு பாடுபட்டும் போர் முடியும்வரை ஜெர்மனியால் செய்ய முடிந்தது சுமார் 15,000தான். பான்சர் டிவிஷன் ஒன்றில் பெரும்பாலும் ஒரு பட்டாலியனுக்குத்தான் அது கிடைத்தது. மற்ற காலாட்படையினர் லாரியில் போனார்கள். சினிமாவில் வருவதுகூடப் பல நேரம் 251 அல்ல, போருக்குப் பின் செக்கோஸ்லோவாகியா செய்த ஓடி-810தான்.

இந்தத் தொல்லை முழுவதும் அப்படியே கிட்டுக்குள் வரும். சக்கரங்களைப் பூட்டுமுன்பே பெயிண்ட் அடித்தாக வேண்டும். பூட்டியபின் உள்ளே தூரிகை நுழையாது. தனித்தனிக் கண்ணியாக வரும் கிட் என்றால் ஒரு பக்கத்துக்கே 50க்கு மேல் ஒட்ட வேண்டும். ஒரு சக்கரம் கோணலானால் சங்கிலி முழுவதும் கோணல்.

நான் எம்3 கட்சி. அதன் பட்டை, உள்ளே எஃகு வடம் வைத்து வார்த்த ரப்பர். ரஷ்ய ஜாரின் கார்களைப் பனியில் ஓட்ட கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ட வழி அது. ஆகவே கிட்டில் ஒரே துண்டாக வரும் மெத்தென்ற பட்டையே நிஜத்துக்கு நெருக்கம். உடம்போ, சட்டத்தில் திருகாணி போட்டு முடுக்கிய தட்டையான தகடுகள். பக்கவாட்டில் தடிமன் 6 மில்லிமீட்டர்தான். திருகாணித் தலைகளில் கறுப்பு மை லேசாக ஓடவிட்டால் அவை தனியாக எடுத்துக் காட்டும். ஒயிட், ஆட்டோகார், டயமண்ட் டி ஆகிய லாரி கம்பெனிகளே லாரி பாகங்களைக் கொண்டு செய்தவை என்பதால்தான் இந்த அமெரிக்கக் குடும்பம் 40,000ஐத் தாண்டியது. முன் சக்கரமும் இழுக்கும். நல்ல சாலையில் 72 கிலோமீட்டர் வேகம்.

குறையும் சொல்லிவிடுகிறேன். மெல்லிய தகடு, மேலே திறந்த கூடு. காயம்பட்டவர்களுக்குத் தரும் பதக்கத்தின் பெயரால் 'பர்ப்பிள் ஹார்ட் பெட்டி' என்று சிப்பாய்களே கிண்டலடித்தார்கள். சேற்றில் நீண்ட சங்கிலி கொண்ட ஜெர்மன் வண்டியே மேல்.

எல்லோருக்கும் எல்லாம் கைவராது. சிலருக்கு வண்ணம் பேசும், சிலருக்கு நுணுக்கமாக ஒட்ட வரும். அது தெரிய ஒரு மாடலாவது முழுதாக முடிய வேண்டும். பிரைமர் காய ஓர் இரவு விடுங்கள். அரம் போடும்போது அவசரம் வேண்டாம். பெற்றோரே, பெட்டியைக் கடையில் திறந்து காட்டச் சொல்லி, எதைக் கட்டப் போகிறான் என்று பையனையே கேளுங்கள். முதலில் எம்3 வாங்கிக் கொடுங்கள். 251ஐ மூன்றாவதாக வாங்கலாம்.