ஐப்பசிக்கு முன் ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

பெரியம்மா எழுதுவது. வேதாரண்யம் பக்கத்துப் பால்வாடியில் நீ டீச்சராகச் சேர்ந்துவிட்டதாக உன் அம்மா சொன்னாள். சத்துமாவு, முட்டை, பதிவேடு எல்லாம் மேற்பார்வையாளர் சொல்லித் தருவார். மழைக்காலம் நெருங்குகிறது. புயல், வெள்ளம் என்று வந்தால் பிள்ளைகளின் மனசை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் கரை கடந்தபோது மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று அடித்தது. அந்தக் கணக்கெல்லாம் நமக்குத்தான். மூன்று வயதுப் பிள்ளை பார்ப்பது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள், அவர்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதைத்தான். இரண்டாம் உலகப் போரில் லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்தில் அன்னா ஃபிராய்டும் டோரதி பர்லிங்ஹாமும் ஹாம்ப்ஸ்டெட்டில் குழந்தைகள் காப்பகம் நடத்தினார்கள். குண்டுச் சத்தத்தைவிடத் தாயைப் பிரிந்ததுதான் பிள்ளைகளை அதிகம் உலுக்கியது என்று எழுதிவைத்தார்கள். பிறகு பிள்ளைகளைச் சிறுசிறு குடும்பமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தாய் இடத்தில் ஒருத்தியை நிலையாக அமர்த்தினார்கள். உன் மையத்தில் இருப்பது நீயும் ஆயாவும்தான். ஆனாலும் எந்தப் பிள்ளை உன் பக்கம், எது ஆயா பக்கம் என்று இப்போதே பிரித்து வை. தினமும் அந்தந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடட்டும். கரண்டு போய் இருட்டும்போது தானாக அந்த மடியைத் தேடி வரும்.

அடுத்தது, யார் வந்து கூட்டிப்போவார்கள் என்பது. பகலில் திடீரென்று எச்சரிக்கை வரும், மையத்தை மூடச் சொல்வார்கள். அப்பா கடலில் இருப்பார், அம்மா நூறு நாள் வேலையில் இருப்பாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று பேருடைய பெயரையும் நம்பரையும் ஒரு தாளில் பேனாவால் எழுதிச் சுவரில் மாட்டு. போன் சார்ஜ் இறங்கிவிட்டால் அந்தத் தாள்தான் துணை. பட்டியலில் இல்லாதவர் தெருக்காரரே ஆனாலும் பிள்ளையைக் கையில் கொடுக்காதே. அழுகையை நிறுத்துவதற்காக "அம்மா இதோ வந்துட்டாங்க" என்று சொல்லிவிடாதே. அரை மணி கழித்தும் அம்மா வரவில்லை என்றால் அதற்குப் பிறகு நீ சொல்லும் எதையும் அது நம்பாது. "பாட்டி வருவாங்க. வர்ற வரைக்கும் டீச்சர் உன்கூட இருப்பேன்" என்று சொல். சொன்னபடி இரு.

காற்று ஊளையிடும்போது "ஒன்றுமில்லை" என்றும் சொல்லாதே. பிள்ளை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறது! "காத்து வேகமா அடிக்குது, சத்தமா இருக்கு, நாம உள்ளே இருக்கோம்" என்றால் போதும். உனக்கும் பயமாக இருக்கும், இருக்கட்டும். தினமும் பாடும் பாட்டையே பாடு, கைக்கு ஏதாவது வேலை கொடு. ஆயாக்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, "சாப்பிடலைன்னா புயல் தூக்கிட்டுப் போயிரும்" என்பார்கள். பூச்சாண்டியையாவது பொறுத்துக்கொள்ளலாம், நம் கடற்கரையில் இந்தப் பேச்சு வேண்டவே வேண்டாம். வயதில் மூத்தவள் என்று தயங்காமல் பக்குவமாகச் சொல்லி நிறுத்து.

புயல் போன பிறகுதான் உன் வேலை கூடும். ஒழுங்காகப் பாத்ரூம் போய்வந்த பிள்ளை பாவாடையை நனைக்கும், விட்டுவிட்ட விரலை மறுபடி சூப்பும், உன் முந்தானையை விடாது. கேலி செய்யாமல் துணியை மாற்றிவிடு. கட்டைகளை அடுக்கித் தள்ளிவிட்டு "புயல் வருது" என்று விளையாடுவார்கள். அபசகுனம் என்று யாராவது அதட்டினால் தடுத்துவிடு. உள்ளே கிடப்பதை அந்த வயது அப்படித்தான் வெளியே கொட்டும். இடிப்பதோடேயே நாள்கணக்கில் நின்றுபோனால் நீயும் பக்கத்தில் உட்கார்ந்து, "மறுபடி கட்ட யார் வர்றாங்க?" என்று கேள். நிவாரண முகாமில் செல்போனில் வெள்ளத்தின் வீடியோவைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். சின்னதுகள் மறுபடியும் வெள்ளம் வந்துவிட்டதாகவே நினைக்கும். வீடியோவை நிறுத்தச் சொல்.

அழுகிற பிள்ளையை எல்லோரும் தூக்குவார்கள். மூலையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பதைச் "சமத்து" என்று விட்டுவிடுவார்கள். அதைத்தான் நீ முதலில் பார்க்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் தூக்கமும் சாப்பாடும் பேச்சும் பழையபடி திரும்பவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போகச் சொல்.

சாவு நடந்த வீட்டுப் பிள்ளையிடம் "தூங்குறாங்க", "ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொல்ல வேண்டாம். கேட்ட பிள்ளை பிறகு தூங்கவே பயப்படும், இல்லை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்று வீட்டாரோடு பேசி ஒரே மாதிரி சொல்லுங்கள். மறுநாளும் அதையே கேட்கும். மறுநாளும் அதையே சொல்ல வேண்டும். 2004 சுனாமியில் நம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். அதன்பின் கேமராவோடு வந்தவர்கள் பிள்ளைகளை நிறுத்திவைத்து "அலை எப்படி வந்துச்சு, சொல்லு பார்ப்போம்" என்று கேட்ட கொடுமை உனக்குத் தெரியாது. அப்படி யார் வந்தாலும், எவ்வளவு பெரிய கார் ஆனாலும், வாசலிலேயே நிறுத்து. பிள்ளை தானாகச் சொன்னால் கேட்டுக்கொள், தோண்டாதே.

உன்னையும் பார்த்துக்கொள். உன் வீட்டு ஓடும் அதே புயல் காற்றில்தான் பறக்கும். அன்றைக்கும் முகாம் டூட்டி போடுவார்கள், போஷன் டிராக்கர் செயலியில் பதிவு ஏற்றச் சொல்வார்கள். முடியாத அன்று மேற்பார்வையாளரிடம் முடியவில்லை என்று சொல்லி, பக்கத்து மையத்து டீச்சரைக் கூப்பிடு. அவளிடம் இப்போதே பழகி வை. மழைக்கு முன் மையத்துக் கதவின் தாழ்ப்பாள் உள்ளிருந்து சரியாக விழுகிறதா, பார்த்து எழுது.

அன்புடன்,
பெரியம்மா