புற்றுக் காளான்: தோண்டிப் பார்த்துவிட்டு அடுப்பை மூட்டுங்கள்

கேள்வி: ஒரத்தநாடு பக்கம் எங்கள் ஊர். ஐப்பசி மழை பிடித்ததும் தென்னந்தோப்பில் கரையான் புற்றை ஒட்டி வெள்ளையாகக் காளான் முளைத்திருக்கிறது. ‘இது புத்துக் காளான், மஞ்சள்தூள் போட்டு வதக்கு, கறுக்காவிட்டால் நல்ல காளான்’ என்கிறார் என் மாமியார். வீட்டுக்காரர் தொடவே பயப்படுகிறார். யார் சொல்வது சரி? எப்படிச் சமைப்பது?

பதில்: காளானை உங்கள் மாமியார் சரியாகவே அடையாளம் கண்டிருக்கலாம். அந்த மஞ்சள் சோதனையைத்தான் நம்ப முடியாது. மஞ்சள், பூண்டு, வெள்ளிக்காசு எதுவும் காளான் விஷத்தைக் காட்டிக்கொடுக்காது. நத்தை கடித்த காளான் நமக்கும் ஆகும் என்பதும் பொய். கொதிக்க வைத்தாலும் போகாத விஷங்கள் உண்டு.

புற்றுக் காளான் கரையான் வளர்க்கும் பயிர். அரித்துக் கொண்டுபோகும் சருகையும் கட்டையையும் வைத்துப் புற்றுக்குள் பாத்தி கட்டி, அதில் பூசணத்தை வளர்த்துத் தின்கிறது. நல்ல மழைக்குப் பிறகு அந்தப் பாத்தியிலிருந்துதான் காளான் மேலே வருகிறது. ஆகவே குடையைப் பார்த்தால் போதாது. ஒரே ஒரு காளானைச் சுற்றி மட்டும் மெதுவாகத் தோண்டுங்கள். தண்டு மண்ணுக்குள் வேர்போல ஒல்லியாகி நீண்டு, கரையான் கூடுவரை போக வேண்டும். புற்றில் நல்ல பாம்பு இருக்கலாம். கையை விடாதீர்கள், களைக்கொட்டால் தோண்டுங்கள்.

குடையின் நடுவில் கெட்டியான கூர்முனை இருக்கும். தண்டு உள்ளே பொள்ளலாக இராது, நாராகக் கிழியும். தண்டில் வளையம் இருந்தாலே விஷம் என்பார்கள். தென்னிந்தியாவிலிருந்து 1979-இல் பூசண ஆய்வாளர் கே. நடராஜன் விவரித்த ‘டெர்மிட்டோமைசஸ் ஹெய்மி’ என்ற புற்றுக் காளானுக்கு வளையம் உண்டு, அதனால் அந்தக் கணக்கும் உதவாது.

பிறகு ஒரு குடையை நறுக்கி, மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி வெள்ளைத்தாளில் கவிழ்த்து, மேலே கிண்ணம் மூடி இரவு முழுக்க விடுங்கள். படியும் தூள் வெளிர் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். பச்சையாக இருந்தால், அது புல்தரையில் முளைக்கும் ‘குளோரோஃபில்லம்’. இளசில் அதன் மடிப்பும் வெள்ளைதான், ஏமாறுவது அங்கேதான். தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் பிடுங்கியெடுக்கும். இந்த அடையாளங்களில் ஒன்று இடறினாலும் கொட்டிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி என்னிடம் கேட்காதீர்கள். படத்தில் வேர் தெரியாது.

வைக்கோல் போரடியில் முளைப்பது வேறு காளான். அதுவும் உணவுதான், ஆனால் மொட்டாக இருக்கையில் கொடிய ‘அமானிட்டா’வைப் போலவே இருக்கும். 2011 டிசம்பர் 31 அன்று ஆஸ்திரேலியாவின் கான்பெராவில், வைக்கோல் காளான் என்று எண்ணிச் சமைத்த அமானிட்டாவைத் தின்ற இருவர் பின்னர் இறந்தார்கள். இந்த விஷம் ஆறு மணி நேரத்துக்குப் பிறகே வேலையைக் காட்டும். வாந்தி நின்று தேறியதுபோல இருக்கையில் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். எந்தக் காளானைத் தின்று வயிற்றைப் புரட்டினாலும் 108-ஐக் கூப்பிட்டு, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அங்கே காட்டுவதற்காகவே சமைக்காத காளான் ஒன்றைத் தாளில் சுற்றி ஃபிரிட்ஜில் எடுத்து வையுங்கள்.

இனி சமையல். கரையானுக்கு மருந்து ஊற்றிய புற்றிலும் பூச்சிமருந்து அடித்த வரப்போரத்திலும் பறிக்க வேண்டாம். சோதனை தேறிய பிறகு மற்றவற்றைக் குடை விரியாததாகப் பறித்து, அடித்தண்டின் மண்ணைக் கத்தியால் சுரண்டி, நாலைந்து தண்ணீரில் அலசி, நார்வாக்கில் கையால் கிழித்துப் போடுங்கள். நல்லெண்ணெயில் சீரகம், கறிவேப்பிலை, கை நிறைய சின்ன வெங்காயம், தட்டிய பூண்டு வதங்கியதும் காளானைச் சேருங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், அதுவே விடும். அந்தத் தண்ணீர் சுண்டி எண்ணெய் பிரியும்வரை, இருபது நிமிடமாவது வேகட்டும். இறக்கும்போது உப்பும் பொடித்த மிளகும் போதும். கரம் மசாலா போட்டால் காளான் வாசமே போய்விடும். முதல் தடவை பெரியவர்கள் மட்டும் இரண்டு கரண்டி சாப்பிடுங்கள், குழந்தைகளுக்கு வேண்டாம். பறித்த அன்றே தீர்த்துவிடுங்கள், மறுநாளைக்குத் தாங்காது.